மேஸ்திரியின் கைப்பேசி முதல் கணக்காளரின் கணினி வரை: ஒரே செயலியைப் பல திரைகளுக்குப் பொருத்தும் முறை

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் பொதுவாக நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும். கிலோக் கணக்கில் கூலி கொடுக்கும் தோட்டங்களில், ஒவ்வொருவரும் பறித்த பழத்தை எடைபோட்டுப் பெயருக்கு நேரே பதிந்துகொள்வது அன்றாட வேலை. இந்த எடைப் பதிவேட்டுக்கு ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொண்டால், திரை அளவு தொடர்பான சிக்கல்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு செயலிக்குள் வந்துவிடும் என்பதால், இக்கட்டுரை முழுவதற்கும் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

அந்தச் செயலியை நான்கு பேர் பயன்படுத்துவார்கள். எடைபோடும் இடத்தில் நிற்கும் மேஸ்திரியின் ஒரு கையில் விலை குறைந்த கைப்பேசி இருக்கும். மறு கை பெரும்பாலும் மூட்டையின் மேல் இருக்கும். தோட்ட அலுவலகத்தில் ரைட்டர், மேசைமேல் சாய்த்து வைத்த டேப்லெட்டில் அன்றைய கணக்கைச் சரிபார்ப்பார். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூட்டைகளைச் சேலத்துக்கு இறக்கும் வண்டியின் ஓட்டுநர், கைப்பேசியை ஹோல்டரில் கிடைமட்டமாகச் செருகியிருப்பார். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள கணக்காளர், வாரச் சம்பளப் பட்டியலைக் கணினியின் உலாவியில் திறப்பார். நான்கு பேருக்கும் தரவு ஒன்றுதான். திரையும், கையும், செய்ய வேண்டிய வேலையும் வெவ்வேறு.

முதல் வேலை காகிதத்தில்தான். ஒவ்வொருவருக்கும் திரையை நகர்த்தாமலே கண்ணில் பட வேண்டியது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கு மூன்று போதும்: தொழிலாளியின் பெயர், எடையை உள்ளிடும் பெட்டி, ‘சேமி’ என்ற பொத்தான். ரைட்டருக்குப் பெயர்ப் பட்டியலும், தேர்ந்தெடுத்தவரின் அன்றைய பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஓட்டுநருக்கு மூட்டை எண்ணிக்கையும் இறக்க வேண்டிய இடமும் பெரிய எழுத்தில் தெரிந்தால் போதும். அவருக்கு எந்தப் பொத்தானும் தேவையில்லை, வண்டி ஓடும்போது இருக்கவும் கூடாது. கணக்காளருக்கு முழு அட்டவணை வேண்டும். இந்தப் பட்டியலை எழுதாமல் நேரே நிரலுக்குப் போகிறவர்கள், கைப்பேசிக்கு வரைந்த திரையை டேப்லெட்டில் இழுத்துப் பெரிதாக்கியே காலம் கழிக்கிறார்கள்.

பிக்சலை விட்டு டிபிக்கு வருதல்

ஆண்ட்ராய்டில் நீள அகலங்களை டிபி என்ற அலகில் கணக்கிட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு டிபி என்பது ஒரு பிக்சல். மற்ற திரைகளில், பிக்சல் எண்ணிக்கையை 160ஆல் பெருக்கி, அந்தத் திரையின் அடர்த்தியால் வகுத்தால் டிபி கிடைக்கும். எழுத்தின் அளவுக்கு எஸ்பி என்ற அலகு உண்டு. பயனர் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கினால் எஸ்பி அதற்கேற்ப வளரும்.

மேஸ்திரியின் கைப்பேசி 720க்கு 1600 பிக்சல், அடர்த்தி 320 என்று கொள்வோம். அதன் டிபி அளவு 360க்கு 800. ஓட்டுநரின் கைப்பேசி 1080க்கு 2400 பிக்சல், அடர்த்தி 420 என்றால், ஏறக்குறைய 411க்கு 914 டிபி. ரைட்டரின் டேப்லெட் 1200க்கு 1920 பிக்சல், அடர்த்தி 240 என்றால் 800க்கு 1280 டிபி. பிக்சலை மட்டும் பார்த்தால் ஓட்டுநரின் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் அகலத்தில் பெரிய வேறுபாடு தெரியாது; டிபியில் பார்த்தால் ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. திரை அமைப்பு பற்றிய எந்த முடிவையும் பிக்சலை வைத்து எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அகலத்தைக் கேளுங்கள், உயரத்தையும் கேளுங்கள்

ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல், செயலிக்குத் திரையில் கிடைக்கும் இடமான சாளரத்தின் அகலத்தை வகுப்புகளாகப் பிரிக்கிறது. 600 டிபிக்குக் குறைவானது காம்பாக்ட். 600 முதல் 840க்குள் மீடியம். 840 முதல் எக்ஸ்பாண்டட். அதற்கு மேலும் பிரிக்க விரும்பினால் 1200இல் லார்ஜ், 1600இல் எக்ஸ்ட்ரா லார்ஜ் தொடங்கும். உயரத்துக்கும் இதே பெயர்கள் உண்டு. எல்லைகள் 480 டிபியும் 900 டிபியும். ஆண்ட்ராய்டுத் திரைகளை எழுதுவதற்கான கூகுளின் கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸில் கரன்ட் விண்டோ அடாப்டிவ் இன்ஃபோ என்ற செயற்கூறு இந்த வகுப்பைத் தரும். ஆண்ட்ராய்டு 3.2 காலத்திலிருந்து இருக்கும் எஸ்டபிள்யூ 600 டிபி என்ற கோப்புறை முறை (பெரிய திரைக்கான அமைப்பைத் தனிக் கோப்புறையில் வைப்பது) இன்றும் வேலை செய்கிறது என்றாலும், அது திரையின் குறுகிய பக்கத்தையே பார்க்கும்; திரை திரும்பினாலும் அதன் விடை மாறாது.

மேலே கணக்கிட்ட கைப்பேசிகளை இப்போது திருப்பிப் பாருங்கள். மேஸ்திரியின் கைப்பேசி கிடைமட்டத்தில் 800 டிபி அகலம் கொண்டு மீடியம் வகுப்பில் விழுகிறது. ஓட்டுநரின் கைப்பேசி 914 டிபி அகலத்தோடு எக்ஸ்பாண்டட் வகுப்புக்கே போய்விடுகிறது. அகலத்தை மட்டும் பார்த்து ‘எக்ஸ்பாண்டட் என்றால் இரண்டு பலகம்’ என்று எழுதிய நிரல், ஓட்டுநரின் கைப்பேசியில் ரைட்டருக்குரிய, பட்டியலும் விவரமும் பக்கம் பக்கமாக நிற்கும் இரட்டைப் பலகத்தைக் காட்டும். அங்கே உயரம் 411 டிபிதான். அதில் நிலைப்பட்டையும் தலைப்பும் கீழ் வழிசெலுத்துப் பட்டையும் போக, பட்டியலில் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் தெரியாது. ஆகவே இரட்டைப் பலகத்துக்கு நிபந்தனை இரண்டாக இருக்கட்டும்: அகலம் 840 டிபி அல்லது அதற்கு மேல், உயரம் 480 டிபி அல்லது அதற்கு மேல். உயரம் காம்பாக்ட் என்று வந்தால், அகலம் எவ்வளவாக இருந்தாலும் ஒற்றைப் பலகத்தை வைத்து, வழிசெலுத்தலை இடப்பக்க ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள். கிடைமட்டக் கைப்பேசியில் அகலம் தாராளமாகக் கிடைக்கிறது, உயரம்தான் அரிது. அரிதானதில் பட்டைகளை அடுக்குவது வீண்.

‘செங்குத்தா, கிடைமட்டமா’ என்று நேரடியாகக் கேட்கும் நிரலைப் பலரும் எழுதுகிறார்கள். அந்தக் கேள்வியை நான் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வேன். ரைட்டர் டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைத்து, ஒரு பாதியில் வாட்ஸ்அப்பையும் மறு பாதியில் எடைப் பதிவேட்டையும் திறந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். டேப்லெட் கிடைமட்டம்தான், ஆனால் பதிவேட்டுக்குக் கிடைத்த சாளரம் ஏறக்குறைய 640க்கு 800. அகலத்தைவிட உயரம் கூடுதல் என்பதால் அமைப்பு அதைச் செங்குத்து என்றே சொல்லும். ஆண்ட்ராய்டு 7.0இல், 2016இல், பல சாளர வசதி வந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் பெரிய திரைகளில் எல்லாச் செயலிகளையும் பயனர் இப்படிப் பிரித்து வைக்க முடியும். கருவியை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதை அறிவதால் நிரலுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. தனக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதே அது அறிய வேண்டியது. திரைக் கோணத்தைச் சரிபார்ப்பதைத் தவிர்க்குமாறு, ஒரே நிரலிலிருந்து பல தளங்களுக்குச் செயலி எழுத உதவும் ஃபிளட்டரின் வழிகாட்டு ஆவணமும் கூறுகிறது.

சாளரம் முழுவதற்குமான முடிவு வேறு, ஒரு சிறு பகுதிக்கான முடிவு வேறு என்பதையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். வழிசெலுத்தல் எங்கே, பலகம் எத்தனை என்பவற்றைச் சாளர வகுப்பு தீர்மானிக்கட்டும். ஒரு தொழிலாளியின் பெயரட்டையில் படம் பெயருக்கு மேலே வருமா, பக்கத்தில் வருமா என்பதை அந்த அட்டைக்குக் கிடைத்த அகலம் தீர்மானிக்க வேண்டும். ஏனெனில் அதே அட்டை கைப்பேசியில் முழு அகலத்திலும், டேப்லெட்டில் குறுகிய இடப் பலகத்திலும் வரும். ஃபிளட்டரில் லேஅவுட் பில்டர், கம்போஸில் பாக்ஸ் வித் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ், இணையத்தில் கன்டெய்னர் குவரி ஆகியவை இதற்கானவை.

பலகங்களை அமைத்தல்

கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியலின் நூலகங்களில் இதற்கு ஆயத்தமான கூறுகள் உள்ளன. நேவிகேஷன் சூட் ஸ்கஃபோல்ட் கீழ்ப்பட்டையையும் பக்கப்பட்டையையும் தானே மாற்றிக்கொள்ளும். லிஸ்ட் டீடெயில் பேன் ஸ்கஃபோல்ட் பட்டியலையும் விவரத்தையும் இடத்துக்கேற்ப ஒன்றாகவோ இரண்டாகவோ காட்டும். தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இங்கே பலன் இல்லை. அட்டைகளை அடுக்கும் கட்டத்தில் (கிரிட்) ‘இரண்டு நெடுவரிசை’, ‘மூன்று நெடுவரிசை’ என்று எண்ணைப் பதிக்காமல், ஓர் அட்டைக்குக் குறைந்தது 160 டிபி வேண்டும் என்பதுபோல் குறைந்தபட்ச அகலத்தைச் சொன்னால், எத்தனை நெடுவரிசை என்பதைக் கட்டமே கணக்கிட்டுக்கொள்ளும்.

அகலத் திரையில் எல்லாவற்றையும் ஓரம் முதல் ஓரம் வரை இழுப்பது இன்னொரு வழக்கமான குறை. 1280 டிபி அகலத்தில் ஒரே எடைப் பெட்டி நீண்டு கிடந்தால், பெயர் இடக்கோடியிலும் சேமி பொத்தான் வலக்கோடியிலுமாகக் கண் ஓட வேண்டியிருக்கும். உள்ளிடும் படிவங்களுக்கு 600 டிபிக்குள் ஓர் உச்ச அகலம் வைத்து நிறுத்திவிடுங்கள். மீதி இடம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும்.

தமிழ் எழுத்துக்கு இடம் விடுதல்

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் தமிழ்ச் சொற்களைக் கொண்டு நிரப்பும் வழக்கத்தால்தான் நம் ஊர்ச் செயலிகளில் பாதிக் குறைகள் வருகின்றன. தமிழ்ச் சொல் பெரும்பாலும் அதிக அகலம் கேட்கும், உயரமும் கேட்கும். புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேலே ஏறுகின்றன. உகர ஊகாரக் குறிகள் பல எழுத்துகளில் கீழே இறங்குகின்றன. பொத்தானுக்கும் பட்டியல் வரிக்கும் நிலையான உயரம் கொடுத்தால், ஆங்கிலத்தில் அழகாகப் பொருந்திய வரியில் தமிழின் கீழ்க்குறி வெட்டுப்படும். உயரத்தை நிலையாகக் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரமாகக் கொடுங்கள். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்கு அருகில் வையுங்கள்.

இதில் ஆண்ட்ராய்டு 15 கொண்டுவந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதிப்பை இலக்காக வைத்த, அதாவது அதற்கென்று எழுதப்பட்டதாக அறிவித்த செயலிகளில், எழுத்தைக் காட்டும் கூறான டெக்ஸ்ட்வியூவின் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு இயல்பாகவே இயங்கும். அதுவரை தமிழ் உள்ளிட்ட சில எழுத்துமுறைகளுக்கு, உயரத்தை நெருக்கிய எழுத்துரு பயன்பட்டு வந்தது; இப்போது படிக்க எளிதான, உயரம் கூடிய எழுத்துரு வரும். ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியில்லை. நல்ல மாற்றம்தான், ஆனால் நிலையான உயரம் கொடுத்த பழைய திரைகள், இலக்கு எண்ணை உயர்த்திய அன்றே வெட்டுப்படத் தொடங்கும். இலக்கை உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் தமிழ்த் திரைகளைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவதும் திரையைச் சிறிதாக்குவதும் செயலியைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே விளைவுதான். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். பெரிய தலைப்புகளைவிடச் சிறிய எழுத்துகள் கூடுதலாக வளரும்படி அது வளைந்த கணக்கில் இயங்குகிறது. 360 டிபி அகலத் திரையில் இரு மடங்கு எழுத்து என்றால், நடைமுறையில் 180 டிபி திரைக்கு வரைவதைப் போன்றது. வயதில் மூத்த மேஸ்திரிகள் இந்த வசதியைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள். அதனால் பெயரும் எடையும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக நிற்கும் அமைப்பு, இடம் போதாதபோது தானாக இரண்டு வரியாக மடங்கும்படி எழுதப்பட வேண்டும். கம்போஸில் ஃபுளோ ரோவும், ஃபிளட்டரில் ராப் என்ற விட்ஜெட்டும் இதைச் செய்யும்.

மடக்க மறுத்து, சொல்லின் கடைசியை வெட்டி மூன்று புள்ளி போடுவது எளிய வழியாகத் தோன்றும். பதிவேட்டில் அது பெருந்தவறு. ‘கோ. வெள்ளையன்’, ‘கோ. வெள்ளையம்மாள்’ என்ற இருவரும் ஒரே பட்டியலில் இருந்தால், குறுகிய திரையில் இரண்டுமே ‘கோ. வெள்ளைய…’ என்றுதான் நிற்கும். மேஸ்திரி தவறான வரியைத் தொட்டால் ஒருவருடைய 30 கிலோ மற்றவர் கணக்கில் ஏறும். பெயரை வெட்டவே வெட்டாதீர்கள். இரண்டு வரியாகவோ மூன்று வரியாகவோ மடங்கட்டும். எடையும் ‘கிலோ’ என்ற அலகும் மட்டும் பிரியாமல் ஒரே வரியில் இருக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே பிரியா இடைவெளிக் குறியைப் போட்டால் போதும்.

வேறு காரணத்துக்காகச் சொல்லைச் சுருக்க நேர்ந்தாலும், எழுத்தெண்ணிக்கையைக் கணினி எண்ணும் விதத்தில் எண்ணக் கூடாது. ‘காப்பி’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள். முதல் மூன்று குறிகளை மட்டும் எடுத்தால் ‘காப’ என்று புள்ளியற்ற ஒரு துண்டு கிடைக்கும். ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டர், ஃபிளட்டரில் கேரக்டர்ஸ் என்ற பொதி ஆகியவை எழுத்தை எழுத்தாகவே எண்ணும்.

பொத்தான்களில் ஏவல் வடிவமே போதும். ‘சேமிக்கவும்’, ‘நீக்கவும்’, ‘தேடவும்’ என்பவற்றுக்குப் பதில் ‘சேமி’, ‘நீக்கு’, ‘தேடு’ என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கப்போவதில்லை, இடமும் மிஞ்சும். தொடும் பரப்பு குறைந்தது 48 டிபி என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது. மலைத் தூறலில் நனைந்த விரலோடு தொடப்போகும் சேமி பொத்தானுக்கு நான் 64 டிபி கொடுப்பேன்.

திரை திரும்பும்போது உள்ளிட்டதைக் காத்தல்

மேஸ்திரி ‘12.’ என்று தட்டிவிட்டு அடுத்த இலக்கத்துக்காகத் தராசைப் பார்க்கக் குனிகிறார், கைப்பேசி சாய்கிறது, திரை திரும்புகிறது. ஆண்ட்ராய்டில் இயல்பாக அந்த நொடியில், செயலியின் திரையைத் தாங்கும் கூறான ஆக்டிவிட்டி அழிக்கப்பட்டுப் புதிதாக உருவாகும். தட்டிய எண்ணை எங்கும் எடுத்துவைக்காத செயலியில் பெட்டி காலியாகத் திரும்பி வரும். கம்போஸில் ரிமெம்பர் என்பதற்குப் பதிலாக ரிமெம்பர் சேவபிள் என்று எழுதினால் இந்த இழப்பு நிற்கும். திரைக்கான தரவைத் தனியே வைத்திருக்கும் வியூமாடலில் வைத்த தரவும் திரை திரும்புவதைத் தாங்கும்.

ஆனால் வியூமாடல் எல்லாவற்றையும் தாங்காது. நினைவகம் குறைந்த கைப்பேசியில், மூட்டையைப் படமெடுக்கக் கேமராவைத் திறந்தாலே பின்னணியில் உள்ள செயலியை அமைப்பு முழுவதுமாக நிறுத்திவிடக்கூடும். திரும்பி வரும்போது வியூமாடலும் புதிதாகவே பிறக்கும். சேவ்ட் ஸ்டேட் ஹேண்டிலில் வைத்த சிறிய தரவு அப்போதும் பிழைக்கும். அது எண், தேர்ந்தெடுத்த பெயர், பட்டியல் நின்ற இடம் போன்றவற்றுக்கானது, முழுப் பட்டியலுக்கானதன்று. கூலி சார்ந்த எதையும், தட்டத் தட்ட, கைப்பேசியிலேயே சேமிக்கும் ரூம் தரவுத்தளத்தில் வரைவாக எழுதிவிடுவதே என் விருப்பம். நிரல் சற்றுக் கூடும், வாக்குவாதம் குறையும்.

இன்னொரு நுட்பமான இழப்பு உண்டு. ‘அகலம் போதுமானால் இரண்டு பலகம், இல்லையேல் ஒன்று’ என்று நிரலில் இரு கிளைகளாக எழுதி, இரண்டிலும் தனித்தனியே எடைப் பெட்டியை வைத்தால், ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தாவும்போது பெட்டியின் உள்நிலை மறைந்துபோகும். ஃபிளட்டர் செயலிகளில் திரை திரும்பினாலும் ஆக்டிவிட்டி அழிவதில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிலையை இரு கிளைகளுக்கும் மேலே உயர்த்தி வைப்பது முதல் தீர்வு. அது போதாத இடத்தில் கம்போஸில் மூவபிள் கன்டென்ட் ஆஃப், ஃபிளட்டரில் குளோபல் கீ ஆகியவை கைகொடுக்கும்.

ஓரங்களும் விசைப்பலகையும்

ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைத்த செயலி, திரையின் விளிம்பு வரை வரையப்படும். செங்குத்தில் நிலைப்பட்டை மேலேயும் வழிசெலுத்துப் பட்டை கீழேயும் இருக்கும். கைப்பேசியைத் திருப்பினால் கேமராத் துளை பக்கவாட்டுக்கு வரும், மூன்று பொத்தான் பட்டை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் பக்கத்துக்கு நகரும். மேலும் கீழும் மட்டும் இடைவெளி விட்டவர்களின் பெயர்ப் பட்டியல் கேமராத் துளைக்குள் புகுந்துவிடும். பட்டைகளும் துளையும் எடுத்துக்கொள்ளும் ஓர அளவுகளான இன்செட் மதிப்புகளை நான்கு பக்கமும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னணி நிறம் விளிம்பு வரை போகலாம்; படிக்க வேண்டிய எழுத்தும் தொட வேண்டிய பொத்தானும் உள்ளே நிற்க வேண்டும்.

கிடைமட்டக் கைப்பேசியில் விசைப்பலகை எழுந்தால் 360 டிபி உயரத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். எடைக்கு எண் விசைப்பலகையை மட்டும் கேளுங்கள். விசைப்பலகையின் உயரத்துக்கு இடம் விடும் ஐஎம்இ பேடிங் கொடுத்து, பெட்டியும் சேமி பொத்தானும் அதற்கு மேலே ஒரே வரியில் நிற்கும்படி அமையுங்கள். தராசு எண்களை மட்டும் உள்ளிடும் திரைக்கு, செயலிக்குள்ளேயே பெரிய எண் பொத்தான்களை வரைந்து, கிடைமட்டத்தில் அவற்றை வலப்பக்கம் வைப்பது இன்னும் நல்லது.

செங்குத்தாகப் பூட்டிவிடலாமா?

இத்தனை தொல்லைக்கு, செங்குத்தாகப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கைப்பேசியில் இன்னும் பூட்ட முடியும். ஆனால் ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்த செயலிகளில், குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேல் உள்ள திரைகளில் அந்தப் பூட்டை அமைப்பு பொருட்படுத்தாது. விளையாட்டுச் செயலிகளுக்கு மட்டும் விலக்கு. தற்காலிகமாக விலகிக்கொள்ள ஒரு வழி இருந்தாலும், அதற்கு அடுத்த இலக்கில் அதுவும் நீங்கிவிடும். கூகுள் பிளே இலக்கு எண்ணை ஆண்டுதோறும் உயர்த்தச் சொல்வதால், பூட்டை நம்பி இருப்பது காலத்தைத் தள்ளிப்போடுவதாகவே முடியும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்காக 2018இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் விதிகளும், இன்றியமையாத காரணம் இல்லாமல் ஒரே கோணத்தில் பூட்டக் கூடாது என்கின்றன. சக்கர நாற்காலியில் கருவியைப் பொருத்தி வைத்திருப்பவரால் அதைத் திருப்ப முடியாது. ஹோல்டரில் செருகிய ஓட்டுநரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

ஐஃபோனிலும் உலாவியிலும்

ஆப்பிள் 2014இல், ஐஓஎஸ் 8இல், காம்பாக்ட், ரெகுலர் என்ற இரு வகுப்புகளை அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியே கொண்டுவந்தது. ஐபேடில் செயலியைக் குறுகிய சாளரத்துக்குள் ஒதுக்கினால் அகலம் காம்பாக்ட் ஆகிவிடக்கூடும் என்பதை நினைவில் வைத்தால், மேலே சொன்ன முறையே அங்கும் செல்லும்.

உலாவியில் முதலில் வியூபோர்ட் மெட்டா குறியை வையுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி, கணினிக்குரிய அகலத்தில் பக்கத்தை வரைந்து சுருக்கிக் காட்டும். அதே குறியில் பயனர் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லைச் சேர்க்க வேண்டாம். முழுத்திரை உயரத்துக்கு விஎச் என்ற அலகைவிட டிவிஎச் பொருத்தமானது. முகவரிப்பட்டை மறைவதையும் தோன்றுவதையும் அது கணக்கில் கொள்ளும். கன்டெய்னர் குவரி 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் உள்ளது. கோணத்தைக் கேட்கும் மீடியா குவரி இங்கேயும் ஏமாற்றும்: 2022 இறுதியில் வந்த குரோம் 108க்கு முன், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விசைப்பலகை எழுந்தாலே பக்கத்தின் உயரம் சுருங்கி, செங்குத்துத் திரை கிடைமட்டம் என்று கருதப்பட்டுவிடும்.

கணக்காளரின் வாரப் பட்டியலில் பெயர், ஆறு நாள் எடை, மொத்தம், கூலி, முன்பணம் என்று பத்து நெடுவரிசைகள் வரும். குறுகிய திரையில் அட்டவணையை உடைத்து, ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையாக்குவதுதான் பலரும் சொல்லும் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளப் பட்டியலைத் திறப்பவர் ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடவே திறக்கிறார். அட்டைகளாக உடைத்தால் அந்த ஒப்பீடு போய்விடும். பெயர் நெடுவரிசையை இடப்பக்கம் ஒட்டி நிறுத்தி, மற்ற நெடுவரிசைகளைப் பக்கவாட்டில் நகர விடுங்கள். 320 பிக்சல் அகலத்தில் இரு திசையிலும் நகர்த்த நேரக் கூடாது என்று அணுகல் விதி சொன்னாலும், இரு திசையிலும் பொருள்கொண்ட தரவு அட்டவணைக்கு அதிலேயே விலக்கு உண்டு. எண்கள் வலப்பக்கம் சீராக நிற்கட்டும். இலக்கங்கள் சம அகலம் கொள்ளும்படி டேபுலர் நம்ஸ் பண்பைச் சேர்த்தால் நேர்கோடு தவறாது.

சோதித்தல்

இத்தனை கருவிகளையும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு மாற்றக்கூடிய எமுலேட்டர், அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கைப்பேசி உண்டு. கணினியே இல்லாமலும் சோதிக்கலாம்: கைப்பேசியின் டெவலப்பர் அமைப்புகளில் ‘குறைந்தபட்ச அகலம்’ என்ற இடத்தில் 320 என்று எழுதினால் திரை குறுகியதுபோல் நடக்கும், 600க்கு மேல் எழுதினால் டேப்லெட்போல் நடக்கும். அதே பக்கத்தில் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ என்பதை இயக்கினால், செயலியை விட்டு வெளியேறிய நொடியே ஆக்டிவிட்டி அழியும். நிலை காக்கப்படுகிறதா என்பது உடனே தெரியும்.

சோதனை வரிசையைக் கடினமானதிலிருந்து தொடங்குங்கள். மொழி தமிழ், குறைந்தபட்ச அகலம் 320, எழுத்து 200 விழுக்காடு, விசைப்பலகை திறந்த நிலை, பட்டியலில் வெள்ளையனும் வெள்ளையம்மாளும். எடைப் பெட்டியில் ‘12.’ என்று தட்டிவிட்டுத் திருப்புங்கள், கேமராவுக்குப் போய்த் திரும்புங்கள், மீண்டும் திருப்புங்கள். எண் அப்படியே இருக்க வேண்டும், சேமி பொத்தான் கண்ணில் பட வேண்டும். பிறகு டேப்லெட்டில் சாளரத்தைப் பாதியாகப் பிரித்து, நடுக்கோட்டை மெதுவாக இழுத்துக்கொண்டே போய், 600, 840 ஆகிய எல்லைகளில் பலகம் மாறும்போது தேர்ந்தெடுத்த பெயர் நிலைக்கிறதா என்று பாருங்கள். கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக அளவையும் அடர்த்தியையும் மாற்றிச் சோதித்திருந்தால், முடிந்ததும் இரண்டையும் ரீசெட் செய்துவிடுங்கள். மாற்றிய மதிப்புகள் கைப்பேசியை அணைத்துப் போட்டாலும் போகாமல் நிற்கும்.